பதினொரு நொடி

கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வெயில் தாழாமல் மெரினாவுக்குப் போக முடியாது. வண்டலூரில் அந்த நேரத்துக்குப் புலிகூட நிழலை விட்டு நகராது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024-இலிருந்து இ-பாஸ் வாங்க வேண்டும். வாங்கினாலும் மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டி. மிச்சம் இருப்பது மால்தான். ஏசியில் நடந்து, பாப்கார்ன் தின்று, ஆயிரம் இரண்டாயிரத்தைத் தொலைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து "போர் அடிச்சுது" என்பார்கள். பதினொரு வயது மகளும், விழுப்புரத்திலிருந்து மச்சானோடு வந்திருந்த அவன் மகனும் வீட்டு சோபாவின் ஸ்பிரிங்கை உடைத்த அன்று, என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "குதிக்கிறதுக்குன்னே ஒரு இடம் இருக்காம். அங்க கூட்டிட்டுப் போய்த் தொலைங்க."

பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கிடங்கு மாதிரி ஒரு கட்டடம். பெயரைச் சொல்லப்போவதில்லை, கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பாதி முழுக்க ட்ராம்போலின். மறு பாதியில் தடை ஓட்டப் பாதை. இடமும் வலமுமாகச் சாய்ந்த பலகைகளில் தாவ வேண்டும், உருளும் கட்டையைக் கடக்க வேண்டும், வலையில் ஏற வேண்டும், இரண்டு சுவர்களுக்கு நடுவே கை கால்களை முட்டுக்கொடுத்து நகர வேண்டும். அப்புறம் குரங்குக் கம்பிகள், தொங்கும் வளையங்கள் ஏழு, கடைசியில் மேல்நோக்கி வளைந்து எழும் சுவர். வளையங்களுக்குக் கீழே ஒரு பள்ளம், அது நிறையத் தலையணை அளவு ஸ்பாஞ்சுக் கட்டிகள். ஒரு மணி நேரத்துக்குத் தலைக்கு 750 ரூபாய். வழுக்காத சாக்ஸுக்குத் தனிக் காசு.

பிள்ளைகளுக்கு இது யூடியூபில் பார்த்துப் பழகிய உலகம். ஜப்பானில் 1997-இல் டிபிஎஸ் தொலைக்காட்சி தொடங்கிய 'சசுகே' தடை ஓட்டப் போட்டிதான் இதற்கெல்லாம் மூலம்; 2009-இல் அமெரிக்கர்கள் 'அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்' என்று தங்கள் பதிப்பை எடுத்தார்கள். சசுகேயின் நான்கு கட்டங்களையும் முடித்தவர்கள் மிகச் சிலர். 2006-இல் முடித்த மகோதோ நகானோ ஒரு மீன்பிடிப் படகின் தலைவர். இதை என் மகள் காரில் சொன்னபோது, நாள் முழுக்கக் கணக்குப் புத்தகம் பார்க்கிற எனக்கு அது எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. டிக்கெட் ஐந்து பேருக்கு வேண்டாம், நான்கு போதும் என்று மனைவி சொன்னாள். "நான் பையைப் பாத்துக்கறேன்."

கவுண்டரில் ஒரு படிவம் நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் முறை போனபோதுதான் படித்தேன். உடல் எடைக்கு ஒரு வரம்பு போட்டிருந்தார்கள். முழங்கால் அறுவை செய்தவர்கள், தோள்பட்டை ஒருமுறையாவது நழுவியவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்றும் இருந்தது. இதெல்லாம் வெறும் சட்டப் பாதுகாப்புக்காக எழுதியது இல்லை. நழுவிய தோள் கம்பியில் தொங்கினால் மறுபடி நழுவ எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தத் தாளை வாசிக்க ஆகும் இரண்டு நிமிடத்தைச் செலவழித்துவிடுங்கள்.

அடுத்தது நகை. எங்கள் ஊர்க் குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. மகள் காலில் கொலுசு. அது வலையில் மாட்டும். காதில் தொங்கட்டான், கழற்றச் சொன்னார்கள். மச்சான் மகன் இடுப்பில் அரைஞாண், கையில் திருவண்ணாமலைக் கயிறு. என் விரலில் கல்யாண மோதிரம். மோதிரத்தை யாரும் கவனிக்கவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் ஆபத்தானது அதுதான். கம்பியில் மோதிரம் சிக்கி உடல் எடை முழுக்க அந்த ஒரு விரலில் விழுந்தால் தோலையே உரித்துக்கொண்டு வரும். விளையாட்டு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த காயம் இது. "மோதிரத்தைக் கழட்டுங்க மாமா" என்று மச்சான் சொன்ன பிறகு சோப்புப் போட்டு இழுத்தேன். பதினாறு வருடத்தில் அது முதல் முறையாகக் கழன்றது. மனைவி பையில் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாள்.

இன்னொரு தப்பும் செய்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. மதியம் மட்டன் குழம்பு. மூன்று மணி டிக்கெட். இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

பிள்ளைகள் இரண்டும் வலை, சந்து எல்லாவற்றையும் பல்லி மாதிரி கடந்துவிட்டன. நான் சாய்வுப் பலகைகளில் ஒருவழியாகத் தப்பித்தேன். பலகையில் நின்று யோசித்தால் வழுக்கும். யோசிக்காமல் இடம், வலம், இடம் என்று போய்க்கொண்டே இருந்தால் கால் தானாகப் பிடிக்கும். வளையத்துக்கு வந்தேன். இரண்டு கையாலும் முதல் வளையத்தைப் பிடித்து மேடையிலிருந்து காலை எடுத்தேன். அடுத்த வளையம் ஓர் எட்டு தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. முட்டியை மடக்கி, தோளைக் காதுவரை தூக்கி, பல்லைக் கடித்துத் தொங்கினேன். முன்கை கல்லாகிவிட்டது. விரல்கள் என்னைக் கேட்காமலே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. ஸ்பாஞ்சுக்குள் கழுத்துவரை முங்கினேன்.

"பதினொரு செகண்ட்பா," என்றாள் மகள். போனில் நேரம் பார்த்திருக்கிறாள்.

அடுத்து மச்சான். என் மனைவியின் தம்பி, முப்பத்தெட்டு வயது, ஒல்லி, ஜிம் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஏழு வளையத்தையும் ஏதோ கொடியில் காயும் துணியை எடுப்பது மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய் அந்தப் பக்கம் இறங்கினான். எனக்கு மறந்தே போயிருந்தது: அவன் விழுப்புரத்துப் பிள்ளை. பள்ளியில் படிக்கும்போது மல்லர் கம்பம் ஏறியவன். தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் என்றாலே விழுப்புரம்தான். பிடி நழுவத்தான் நழுவும் என்ற நிலையிலேயே, விளக்கெண்ணெய் பூசிய மரத்தூணில் பழகுகிறவர்கள். அவன் எனக்குச் சொன்னது ஒரே ஒரு வரி: "மாமா, நீங்க கம்பிய கழுத்த நெரிக்கிற மாதிரி புடிக்கிறீங்க."

அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதில் உருப்படியானது அதுதான். பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கும்போது முன்கைத் தசைக்குள் ரத்தம் ஓட வழி குறைகிறது. தசை விம்மிச் சோர்ந்துவிடுகிறது. மலையேறிகள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை இது. முழங்கையை மடக்கி வைத்தால் புஜமும் சேர்ந்து வேலை செய்து இன்னும் சீக்கிரம் களைக்கும். கை நீட்டமாக இருக்க வேண்டும், தோள் மட்டும் காதைவிட்டுக் கீழே இறங்கி, முதுகுத் தசை எடையைத் தாங்க வேண்டும். கம்பி உள்ளங்கை நடுவில் இல்லாமல், விரல்கள் தொடங்கும் அடிப்பகுதியில் உட்கார வேண்டும். நடுவில் பிடித்தால் தோல் மடிந்து அந்த இடத்தில் கொப்புளம் கிளம்பும்.

அப்புறம், வளையத்துக்கு வளையம் தாவுவது கை வலுவால் நடப்பதில்லை, ஊஞ்சலால் நடக்கிறது. ஊஞ்சல் முன்னால் போய், திரும்புவதற்கு முன் ஒரு கணம் அந்தரத்தில் நிற்குமே, அப்போது உடம்பு லேசாகத் தெரியும். பின் கையை விடுவதும் அடுத்ததைப் பிடிப்பதும் அந்தக் கணத்தில்தான். அதற்கு முன்னால் விட்டால் எட்டாது. பின்னால் விட்டால் உடம்பு ஏற்கெனவே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். நான் ஆடவே இல்லை, அசையாமல் தொங்கி அடுத்ததற்குக் கை நீட்டினேன். கையை விடத்தான் பயம்.

பிள்ளைகளுக்கு எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது. கணக்கு எளிது. உயரம் இரண்டு மடங்கானால், தசையின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். வலு அதைப் பொறுத்தது. எடையோ எட்டு மடங்காகும். எறும்பு தன்னைவிடப் பெரியதைத் தூக்குவதும் இதனால்தான். 26 கிலோ மச்சான் மகனும் 84 கிலோ நானும் ஒரே வளையத்தில் தொங்கினாலும் அது ஒரே வேலை இல்லை. இதை மகளிடம் விளக்கினேன். "சாக்கு சொல்றீங்க" என்றாள். மாமனைப் பார்த்தாள். என்னால் மேலே பேச முடியவில்லை.

விழுவது பற்றியும் சொல்ல வேண்டும். அதை யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. விழும்போது கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. மணிக்கட்டு எலும்பு முறிவதற்கு மிகப் பொதுவான காரணம் நீட்டிய கையில் விழுவதுதான். முட்டியை மடக்கி, கைகளை மார்போடு சேர்த்து, தாடையைக் கழுத்தோடு ஒட்டி, முதுகு பரவலாகப் படும்படி விழ வேண்டும். மச்சான் பிள்ளைகள் இரண்டையும் பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தி, வளையத்தைத் தொட விடாமல், முதலில் பத்து முறை விழ வைத்தான். 750 ரூபாயில் பத்து நிமிடம் போகிறதே என்று நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். பிறகு என் மகள் ஒவ்வொரு தடவையும் கவலையே இல்லாமல் அடுத்த வளையத்துக்குக் கையை விட்டதைப் பார்த்தபோது, அந்தப் பத்து நிமிடம் எங்கே போனது என்று புரிந்தது. ட்ராம்போலினில் ஒரு சதுரத்தில் ஒருவர் மட்டும் என்பதையும் கறாராக வைத்திருந்தான். இருவர் சேர்ந்து குதித்தால் கனமானவர் மிதிக்கிற வேகம் லேசானவரைத் தூக்கி எறியும். அடிபடுவது பெரும்பாலும் சின்னதுதான்.

குறை சொல்கிறேன் என்றேனே. தொடக்கத்தில் பாதுகாப்பு விளக்கம் என்று ஒரு வீடியோ போட்டார்கள். பாட்டுச் சத்தத்தில் ஒரு சொல் காதில் விழவில்லை. வளையங்களுக்கும் சுவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பையன் கண்காணிப்புக்கு. அவனும் பாதி நேரம் போனில். ஸ்பாஞ்சுக் கட்டிகளில் பல பிய்ந்து தூளாகி, பள்ளத்தின் ஒரு மூலையில் அடிமட்டம் தட்டுப்பட்டது. என் உள்ளங்கைக் கொப்புளம் கிழிந்து தோல் தொங்கியபோது, ஒட்டுப் பட்டை தீர்ந்துவிட்டதாகச் சொல்லி டிஷ்யூ தாள் கொடுத்தார்கள். அந்தப் பையனைத் திட்ட மனமில்லை. இருபது வயதுகூட இருக்காது, காலை பத்திலிருந்து நிற்கிறான். ஆனால் நீங்கள் போவதென்றால் பிள்ளைகளை இறக்கிவிடுமுன் பள்ளத்தில் நீங்கள் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். கால் தரையைத் தொட்டால் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒட்டுப் பட்டையும் ஒரு சின்ன ரோல் டேப்பும் கையோடு எடுத்துப்போங்கள். தொங்கும் தோலைப் பிய்க்காதீர்கள். கழுவி, சுத்தமான கத்தரியால் ஓரத்தைச் சீராக்கி, மூடிவிட்டால் சில நாளில் ஆறிவிடும்.

அன்று இரவு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தெரிந்தது. அதற்கும் மறுநாள்தான் உச்சம். பழக்கமில்லாத வேலை செய்த தசை வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். தலை வாரக் கை எழும்பவில்லை. பீரோ சாவியைத் திருப்ப முடியவில்லை. ஊறுகாய் பாட்டிலை மகளிடம் நீட்டினேன். ஆபீசில் என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் வளையத்தில் தொங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீடு மாத்தினோம் என்று சொல்லிவிட்டேன். வலி வந்தால் அசையாமல் படுக்காமல் லேசாக நடப்பதே மேல். ஆனால் ஒரே மூட்டில் குத்துவது, வீங்குவது, மரத்துப்போவது வேறு சங்கதி, அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

அதோடு நின்றிருக்கும். மகளுக்குத்தான் அந்தச் சுவர் மனதை விட்டுப் போகவில்லை. 8 அடிச் சுவரை ஏறிவிட்டாள், 10 அடியில் விளிம்பை விரல் நுனி தொட்டு வழுக்கி வந்தாள். போட்டியில் வைக்கிற சுவர் ஏறக்குறைய 14 அடி. 2014-இல் அமெரிக்கப் போட்டியில் அந்தச் சுவரை முதலில் ஏறிய பெண் கேசி கட்டன்சாரோ. அவர் உயரம் 5 அடிதான். இந்தத் தகவலும் மகள் சொன்னதே. போதாததற்கு, நவீன ஐந்திறப் போட்டியில் (மாடர்ன் பென்டத்லான்) குதிரையேற்றத்தை எடுத்துவிட்டு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலிருந்து தடை ஓட்டத்தைச் சேர்க்கிறார்கள் என்று வேறு கண்டுபிடித்து வைத்திருந்தாள். "ஒலிம்பிக்ஸ்லயே இருக்குப்பா" என்றால் நான் என்ன சொல்வது?

விடுமுறை முடிய மூன்று வாரம் இருந்தது. எங்கள் தெருமுனை மாநகராட்சிப் பூங்காவில் ஒரு தொங்கு கம்பி இருக்கிறது. அதில் யாரும் தொங்கி நான் பார்த்ததில்லை, துண்டு காயப்போடுவார்கள். காலை ஆறு மணிக்கு நானும் மகளும் போனோம். பத்து நொடி தொங்குவது, ஒரு நிமிடம் ஓய்வு, அப்படி ஐந்து தடவை. முடியாமல் விழுகிறவரை தொங்கக் கூடாது, தெம்பு இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்பது மச்சான் போனில் போட்ட கட்டளை. ஒருநாள் விட்டு ஒருநாள். நடைப்பயிற்சிப் பெரியவர்கள் முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஆலோசனை சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர், "தம்பி, இந்த வயசுல தொங்கினா உயரம் கூடிடாது" என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனார்.

சுவருக்கு மகள் பூங்காவின் மண் மேட்டில் ஓடிப் பழகினாள். எல்லோரும் செய்கிற தப்பு, வளைவு தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைப்பது. இன்னொன்று, சீக்கிரமே எம்பி மார்பைச் சுவரில் மோதுவது. வேகம் குறையாமல் வந்து, வளைவிலேயே மூன்று சின்ன எட்டு வைத்து, உடம்பைச் சுவர்மேல் சாய்க்காமல் நிமிர்த்தி, கடைசி எட்டில் மேலே உதைக்க வேண்டும். சாக்ஸ் அடியில் தூசி ஒட்டியிருந்தால் எல்லாம் வீண். ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

இரண்டாம் முறை புதன்கிழமை காலை முதல் நேரத்துக்குப் போனோம். எட்டு மணிக்கு இட்லி, பத்தேகாலுக்கு உள்ளே. கூட்டம் இல்லை, ஏசிக் குளிர் இன்னும் இருந்தது, கம்பிகளில் அடுத்தவர் வியர்வை இல்லை. பழைய சாக்ஸைத் துவைத்து எடுத்துப் போயிருந்தோம். புதிது வாங்கத்தான் வேண்டும் என்று கவுண்டரில் இழுத்தார்கள். அடியில் இருந்த அவர்கள் முத்திரையைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். பள்ளத்தின் அந்த மூலை அப்படியேதான் இருந்தது. சொன்னேன். ஒரு கயிறு கட்டி மறித்தார்கள், அதுவரைக்கும் சந்தோஷம்.

மகள் 10 அடியை நான்காவது ஓட்டத்தில் பிடித்தாள். மேலே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, கீழே இறங்க மாட்டேன் என்றாள். நான் முப்பத்து நான்கு நொடி தொங்கினேன். ஐந்து வளையம் கடந்தேன். ஆறாவதற்குக் கையை விட்டது சரியான கணத்தில்தான், வளையம்தான் அங்கே இல்லை. மார்போடு கையைச் சேர்த்து, தாடையை ஒட்டி, ஒழுங்காக விழுந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இந்த முறை டிக்கெட் நான்கு வாங்கியிருந்தேன். மச்சான் வரவில்லை, அவன் மகன் மட்டும் இருந்தான். கணக்கு ஒன்று கூடிப்போனதை மனைவி கவனித்துவிட்டாள். "தண்டத்துக்கு 750 ரூபாயா" என்று முணுமுணுத்தாள். அது அவள் பெயரில் வாங்கியது. கவுண்டரில் அதைத் திருப்ப மாட்டார்கள். அத்தை ஒருமுறை தொங்குங்க, ஒருமுறை என்று மச்சான் மகன் சுடிதார் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அவள் துப்பட்டாவைக் கழற்றி என் தோளில் போட்டாள். கைப்பை, தண்ணீர் பாட்டில், இரண்டு பேர் செருப்பு, என் மோதிரம், அவள் வளையல் எல்லாம் என் மடிக்கு வந்தன. மாடி மூன்றுக்கும் தண்ணீர் கேனைத் தூக்குவது யார் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"படம் எடுங்கப்பா!" என்று மேலிருந்து மகள் கத்தினாள். எடுத்தேன். வளையங்களில் தொங்கிச் சளைத்திருந்த என் கை நடுங்கிக்கொண்டே இருந்ததால், எல்லாப் படத்திலும் வளையத்தில் தொங்கும் மனைவி ஆடிக் கலங்கித்தான் தெரிகிறாள். நாற்பது நொடிக்கு மேலும் மகள் எண்ணிக்கொண்டிருந்தாள்.